விளக்கூருக்கு வழி

கொடைக்கானல்
8-10-1958

அன்புள்ள ரஹ்மத்,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுது. மற்ற விசாரிப்புகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். இது அவசரக் கடிதம்.

‘விளக்கூர்’ தொடரின் கடைசி அத்தியாயத்தைத் தீபாவளி இதழில் போடாதே. அச்சுக் கோத்தாகிவிட்டது என்றால் பிரித்துவிடச் சொல். உன் அண்ணன் அலாவுதீன் கோபப்படுவார். அச்சகம் வைத்திருப்பவரின் கோபம் நியாயமானது. என் பெயரைச் சொல்லியே திட்டட்டும். காரணத்தை எழுதுகிறேன். படித்துவிட்டுப் பத்திரிகையின் ஆசிரியை என்ற முறையில் நீயே முடிவு செய்.

இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கண்மணி என்ற ஒன்பது வயதுப் பெண் இருக்கிறாள். நுரையீரலில் காசம். பழனிப் பிள்ளை. அப்பா வேலப்பன் அடிவாரத்தில் தேங்காயும் கற்பூரமும் விற்கிறவர். அம்மா பாப்பம்மாள் இதே நோயில் இரண்டு வருஷத்துக்கு முன்பு இறந்துபோனாள். பிள்ளையை ஜூன் மாதம் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆகஸ்டில் எடை ஏறியது, காய்ச்சல் இறங்கியது. செப்டம்பரில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஏனென்று யாருக்கும் புரியவில்லை.

போன திங்கட்கிழமை புரிந்தது. வார்டு ஆயா இருளாயி தலையணை உறையை மாற்றும்போது உள்ளேயிருந்து மாத்திரைகள் கொட்டியிருக்கின்றன. அறுபத்திரண்டு. வாயில் வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, ஆள் நகர்ந்ததும் துப்பியிருக்கிறாள். டாக்டரம்மா மிரண்டுபோனாராம். இப்படி அரையும் குறையுமாகச் சாப்பிட்டால் நோய் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு ஊசி போட்டாலும் கேட்காது, இன்னும் சில வாரம் இப்படியே போனால் என் கையில் எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

இருளாயி வில்பட்டியிலிருந்து தினமும் நடந்து வேலைக்கு வருகிறவள். வழியில் என் வீடு. நேற்று வெயில் ஏறும் முன்பே வந்து கதவைத் தட்டினாள். “ஏம்மா, அந்த வெளக்கூர்க் கதைய எழுதுனது நீங்கதானாம்ல? அந்தப் பிள்ள அங்க போகணுமுங்குது. மருந்து தின்னா போக முடியாதாம். அங்க யாரும் இரும மாட்டாங்களாம். வெரசா வந்து ஒரு வழி பண்ணுங்கம்மா” என்றாள்.

‘அங்கே யாரும் இருமுவதில்லை.’ மூன்றாம் அத்தியாயம், இரண்டாம் பத்தி. அது என் வாக்கியம், ரஹ்மத்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று நீ ஒரு தடவை கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் மின்சாரம் இல்லாத ஒரு மாலையில் விளக்கை ஏற்றிவைத்திருந்தேன். எண்ணெய் தீர்ந்து சுடர் போய்விட்டது. அப்போது வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி, “வெளக்கு மலையேறிருச்சு” என்றாள். அணைந்தது என்று சொல்லக் கூடாது, அமங்கலம், மலையேறியது என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நான் இருப்பதே மலை மேல். கீழ்நாட்டில் மலையேறிய விளக்கெல்லாம் இங்கேதானே வந்து சேர்ந்திருக்க வேண்டும், எங்கே காணோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புதான் கதையாயிற்று. அரும்பு என்ற சிறுமி தன் வீட்டில் மலையேறிய விளக்கைத் தேடிப் போகிறாள். மேகத்துக்கு மேலே எல்லா விளக்குகளும் எரிகிற விளக்கூரைக் கண்டுபிடிக்கிறாள். ஒரு காட்டுமாடு அந்த ஊருக்குக் காவல் நிற்கிறது. கடைசி அத்தியாயத்தில் அரும்பு திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிடுகிறாள்.

தங்கிவிடுகிறாள் என்பதைத்தான் கண்மணி படிக்கக் கூடாது. தீபாவளி இதழுக்காக நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிறாளாம்.

வாசகர் கடிதங்களை அனுப்பியிருந்தாய். பழனியிலிருந்து கந்தவேல் என்பவர், முருகப்பெருமானைக் காட்டுமாடாக எழுதியது ஏன் என்று கேட்டிருக்கிறார். இங்கே ஞாயிறு வேதவகுப்பு நடத்தும் ஒருவர் அதை நல்ல மேய்ப்பர் என்று பிள்ளைகளுக்கு விளக்கினாராம். நீ உன் பங்குக்கு, இது மறுமையைப் பற்றிய கதை என்று எழுதினாய். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: காட்டுமாடு காட்டுமாடுதான், வார்த்தையை வைத்து விளையாடினேன், வேறு அர்த்தம் கிடையாது. முந்தாநாள்வரை அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

தந்தி கொடு.

உன்,
பெரியநாயகி


கொடைக்கானல்
13-10-1958

அன்புள்ள ரஹ்மத்,

தந்தி கிடைத்தது. இருபத்தேழாம் தேதிவரை பொறுப்பதாகச் சொன்னதற்கு நன்றி. அதற்குள் வேறு முடிவு எழுதித் தராவிட்டால் பழையதே போகும் என்பதும் புரிந்தது. வேறு முடிவு எழுதுவது சுலபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை ஒரு வெட்கக்கேடான காரியம் செய்தேன். கடைவீதியில் இப்ராம்சா கடைக்குத்தான் நம் பத்திரிகைக் கட்டு வருகிறது. ஒருவேளை பழைய முடிவோடு இதழ் வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்டேன். கல்லூரியில் புத்தகங்களைப் பூட்டி வைப்பதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தவள் நான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா இருக்கும்மா ஞாயம். ஊரே கொண்டா கொண்டாங்குது, எழுதுனவுக நீங்க வந்து ஒளிச்சு வையிங்கிறீங்க. நர்சம்மாமாரு நாலு பேரு தனியா வாங்குறாங்க, அவுககிட்டயும் போயி புடுங்கவா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தக் காட்டுமாடு யாருன்னு எங்க வீட்ல பெரிய சண்டை. எம் மக ரபியா அது மலக்குதான், வானத்துலேருந்து வந்த தூதுவருதான்னு சாதிக்கிறா. நீங்களே சொல்லுங்க, மலக்குதானே?” என்றார். நான் ஒரு பென்சில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று ஞாயிறு. வேலப்பன் வத்தலக்குண்டு சுற்றிப் பஸ் ஏறி வந்தவர், மகளைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “படிச்சவங்க நீங்க. மலையேறுன வெளக்கு எங்கிட்டுப் போச்சுன்னு தேடிப் போகச் சொல்லி எம்புள்ளைக்கு எழுதலாமா? அவ ஆத்தாவத் தேடிப் போறாம்மா அவ” என்றார். பாப்பம்மாள் இறந்த அன்று வீட்டில் விளக்கும் போயிருக்கிறது. வந்திருந்த பெண்கள் “வெளக்கு மலையேறிருச்சு” என்று பேசிக்கொண்டதைப் பிள்ளை கேட்டிருக்கிறாள். அம்மாவை எடுத்துக்கொண்டு போனதையும் அந்தப் பேச்சையும் அவள் ஒன்றாக முடிந்து வைத்துக்கொண்டாள். பிறகு என் கதை வந்து அந்த மலைக்கு மேலே ஒரு ஊரையும் கட்டிக் கொடுத்தது.

இன்னும் இருக்கிறது. மகளுக்குக் குணமானதும் மலையேற்றுகிறேன் என்று இவர் முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். வாராவாரம் கட்டிலருகே நின்று, “சீக்கிரம் மலையேறலாம் தாயீ” என்று சொல்லிவிட்டுப் போகிறார். டாக்டரம்மா கடல் தாண்டி வந்தவர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். செப்டம்பரில் ஒரு நாள் கண்மணி அவரிடம், “நான் எப்ப மலையேறுவேன்?” என்று கேட்டிருக்கிறாள். கோயிலைத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, “நல்ல பிள்ளையாக இருந்தால் மிகவும் சீக்கிரமாக மலையேறுவாய்!” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்ற இருளாயிக்குக் கை கால் ஓடவில்லையாம். ஆனால் டாக்டரைத் திருத்த ஆயாவுக்கு வாய் ஏது?

ஆக, மூன்று திசையிலிருந்தும் மூன்று பேர் அந்தப் பிள்ளையிடம் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம்.

உங்கள் நேர்த்திக்கடனும் இதில் சேர்த்திதான் என்று வேலப்பனிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். முகம் கறுத்து, “சாமிய இதுல இழுக்காதீங்கம்மா. நான் கும்புடுறது நெசம். நீங்க எழுதுனது பொய். பொய்யின்னு நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க” என்றார்.

இதை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. பொய்தான். பொய்யைப் பொய் என்று சொல்ல என்ன தயக்கம்? உடனே அவரோடு போனேன். தொற்று என்பதால் வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டார்கள். உள்ளே கட்டிலில் கண்மணி, முழங்காலைக் கட்டிக்கொண்டு. கண்கள்தான் பெரிதாக இருந்தன. நான் சுற்றி வளைக்கவில்லை. விளக்கூர் என்று ஒரு ஊர் கிடையாது, அதை நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதினேன், அந்தப் பொய்யை நம்பி நீ மருந்தைத் துப்பக் கூடாது என்று சொன்னேன்.

“நீங்களா எழுதுனீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “அப்ப உங்களுக்கு வழி தெரியும்ல?” என்றாள்.

வேலப்பன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். எழுந்து வந்துவிட்டேன். நேற்று இரண்டு வேளை மருந்தும் வெளியே வந்துவிட்டது என்று இருளாயி சொல்கிறாள். வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். இப்போது விழுங்கிவிட்டு விரலைவிட்டு வாந்தி எடுக்கிறாளாம்.

உன்,
பெரியநாயகி


கொடைக்கானல்
18-10-1958

அன்புள்ள ரஹ்மத்,

உன் நீண்ட கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு புது முடிவு எழுதினேன். விளக்கூரின் வாசலில் காட்டுமாடு அரும்பை மறிக்கிறது. எண்ணெய் தீர்ந்த விளக்குத்தான் மலையேறலாம், உன்னிடம் எண்ணெய் இருக்கிறது, திரும்பிப் போ என்கிறது. கச்சிதமான சட்டம். எழுதியதும் எனக்கே திருப்தியாக இருந்தது. உனக்கு அனுப்பும் முன் கண்மணிக்குப் படித்துக் காட்டிவிடலாம் என்று போனேன். முழுக்கக் கேட்டாள். “அப்ப எங்கம்மாவுக்கு எண்ணெ தீந்துபோச்சா?” என்றாள். ஆமாம் என்றேன். பிறகு மெதுவாக, இருளாயிக்குக் கேட்காதபடி, “இருக்குற எண்ணெயக் கீழ கொட்டிட்டா விடுவாங்களா?” என்று கேட்டாள்.

அந்தத் தாளை வராந்தாவிலேயே கிழித்தேன். ஒரு சட்டம் போட்டால் அதை மீறும் வழியும் அதிலேயே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவள்.

இனி உன் கடிதம். ‘அரும்பு என்று நீ வீட்டில் யாரைக் கூப்பிட்டாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது, மற்றவர்களுக்கு வேண்டுமானால் அது வெறும் பெயராக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறாய். கதையின் முதல் அத்தியாயம் வந்தபோதே கவனித்தாயாம், கேட்கவில்லையாம். கேட்காமல் இருந்ததற்கு நன்றி. இப்போது கேட்டதற்கு நன்றி சொல்ல முடியவில்லை.

ஆமாம். முப்பத்தொன்பதில் கக்குவான் வந்து ஆறு வாரம் இருமினாளே என் மகள், அவள்தான். நீ மதுரைக்கு வந்து இரண்டு நாள் அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். ஐந்து வயது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை நாங்கள் இருவரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பத்தொன்பது வருஷம் கழித்துக் கதையில் எழுதினேன். வேண்டுமென்று எழுதவில்லை. பெயர் கேட்டபோது அதுதான் வந்தது.

நீ இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். அதை நான்கு முறை படித்தேன். ‘என் பிள்ளைகள் இருவரை நான் மண்ணில் வைத்தேன். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் வீட்டுக்குத் திரும்பி வந்து சோறு பொங்க முடிந்தது. நீ எதையும் நம்பாதவள்; அவளை வைக்க உனக்கு இடம் இல்லை. அதனால் ஒரு கதையில் கொண்டுபோய் வைத்தாய். இருமல் இல்லாத ஊரை நீ கண்மணிக்காகக் கட்டவில்லை. அரும்பை அங்கிருந்து இறக்க உனக்கு மனமில்லாததால்தான் புது முடிவு எழுத வரவில்லை.’

கோபமாகப் பதில் எழுதி, அதையும் கிழித்தேன். இந்த வாரம் கிழித்தது அதிகம்.

வியாழக்கிழமை உன் கடிதத்தைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை சொல்வதற்கு எதையும் தயார் செய்துகொண்டு போகவில்லை. எனக்கு வழி தெரியாது என்று கண்மணியிடம் சொன்னேன். எனக்கும் ஒரு பிள்ளை இருந்தாள், அவளும் இருமினாள், தெரிந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பேன், எழுதினவளுக்கே தெரியாது என்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பறம் என்ன செஞ்சீங்க?” என்றாள்.

“சோலி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றேன்.

என்ன சோலி என்று கேட்டாள். சொன்னேன். காலையில் வெள்ளனே வானாராய்ச்சி நிலையத்துக்குப் போவது, அங்கே எடுக்கிற சூரியனின் படத்தில் எத்தனை புள்ளி இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வைப்பது, இதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றேன். சூரியனில் புள்ளியா என்றாள். ஆமாம், கறுப்பாக, சில புள்ளிகள் நம் பூமியைவிடப் பெரிசு என்றேன்.

“சும்மா பொய் சொல்லாதீங்க” என்று சிரித்தாள், ரஹ்மத். இருளாயியைக் கூப்பிட்டு, “அக்கா, இந்தம்மா சொல்றதக் கேளு, சூரியன்ல புள்ளியாம்!” என்றாள். இருளாயியும், “ஏத்தா, அது வெளக்குல ஒட்டுன பூச்சியா இருக்கும்” என்று சேர்ந்துகொண்டாள். நான் கற்பனையாகக் கட்டிய ஊருக்குப் போக உயிரைக் கொடுக்கத் தயாராக இருப்பவள், நான் தினமும் கண்ணால் பார்ப்பதைப் பொய் என்கிறாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாளைக்கு வரைந்து கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன்.

நேற்று ஒரு தாளில் வட்டம் போட்டு, காலைப் படத்தில் பார்த்த புள்ளிகளைக் குறித்துக் கொண்டுபோனேன். பெரியதாக ஒன்று, வலது ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருப்பது. இன்றும் கொண்டுபோனேன். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நகந்திருக்கு!” என்றாள். நாளைக்கு எங்கே இருக்கும் என்று கேட்டாள். நாளைக்குத்தான் தெரியும் என்றேன். “மறக்காமக் கொண்டாங்க, முழுங்குறேன்” என்றாள். அதற்காக நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

இன்று இரண்டு வேளையும் மருந்து உள்ளேதான் இருக்கிறது. ஒரு நாள். இதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. நீயும் வராதே.

கடைசி அத்தியாயத்தில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

உன்,
பெரியநாயகி


கொடைக்கானல்
24-10-1958

அன்புள்ள ரஹ்மத்,

இதோடு கடைசி அத்தியாயத்தை வைத்திருக்கிறேன். இருபத்தேழுக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று பஸ் நிலையத்துக்கே கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் புள்ளி நகர்ந்துகொண்டே போனது. திங்கட்கிழமை விளிம்பை ஒட்டி நூலாக மெலிந்துவிட்டது. இன்னும் ஓரிரு நாளில் அந்தப் பக்கம் போய்விடும் என்றேன். திரும்பி வருமா என்று கண்மணி கேட்டாள். சூரியன் சுற்றுகிறது, இரண்டு வாரத்தில் சில புள்ளிகள் இந்தப் பக்கம் திரும்பி வரும், சில அங்கேயே கரைந்துபோகும், எது எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது என்றேன். வேலப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்தவர் ஊருக்குத் திரும்பாமல் இருந்தார். அவர் என்னைத் தனியாக அழைத்து, “வரும்னே சொல்லிப்புடுங்கம்மா. உங்களுக்கு என்ன போகுது?” என்று கெஞ்சினார். பொய்யைப் பொய் என்று சொல்லச் சொன்னவரும் இவர்தான். நான் மாட்டேன் என்றேன். அவருக்கு என்மேல் வருத்தம். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மேகம் இறங்கியது. இங்கே அது இறங்கினால் எதிரில் நிற்கிற மரம் தெரியாது. அன்றைக்குப் படம் எடுக்கவில்லை. புதன்கிழமையும் இல்லை. அன்று கண்மணிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. இருளாயி ஆள் அனுப்பியிருந்தாள்: “பிள்ள சூரியத்தாள் எங்கன்னு கேட்டுக்கிட்டே கெடக்கு. மருந்த வாயில வாங்கவே மாட்டேங்குது.”

ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து வட்டத்தைப் போட்டேன். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இருந்திருப்பேன். விளிம்பில் ஒரு கோடு இழுத்தால் போதும். ஒரு ஊரையே கட்டினவளுக்கு ஒரு கோடு பெரிதா? பிள்ளையின் உயிர் அதில் தொங்குகிறது என்றால் யார்தான் குறை சொல்வார்கள்? நீ சொல்லமாட்டாய். வேலப்பன் சொல்லமாட்டார். ஆனால் அவள் தாளோடு தாளை வைத்துப் பார்க்கிறவள். இதுவரை அவளிடம் யாரும் நெஞ்சறிந்து பொய் சொல்லவில்லை. வார்த்தைதான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது. இந்தக் கோடு அப்படியில்லை. இது நான் தெரிந்தே செய்யும் முதல் பொய்.

வெறும் வட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

ஜன்னல் வழியாக வாங்கினாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். “புள்ளி எங்க?” என்றாள். மேகம், தெரியவில்லை என்றேன். “மேகத்துக்குப் பின்னாடி இருக்கா?” இருக்கலாம் என்றேன். “நீங்க பாத்தீங்களா?” பார்க்கவில்லை. “பாக்காம எப்படி இருக்குங்கிறீங்க?”

இருபத்தைந்து வருஷமாக நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி இது, ரஹ்மத். விடுதி அறையில் நீ தொழுகைப் பாயை விரிக்கும்போதெல்லாம் கேட்பேன். நீ ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பதிலும் சொன்னதில்லை. கண்மணியிடம் நான், தெரியாது என்றேன். தெரியாமலே நாளைக்கும் ஆபீசுக்குப் போய் மேகம் விலகியிருக்கிறதா என்று பார்ப்பேன் என்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

பிறகு இருளாயிப் பக்கம் கையை நீட்டி, “குடு” என்றாள். விழுங்கினாள். வாயை அகலத் திறந்து எனக்குக் காட்டினாள். “நாளைக்கும் வெறும் வட்டம் கொண்டாந்தீங்க, சண்ட போடுவேன்” என்றாள்.

நேற்றும் மேகம். நேற்றும் வெறும் வட்டம்தான் கொண்டுபோனேன். சண்டை போட்டாள். விழுங்கிவிட்டுத்தான் போட்டாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை. டாக்டரம்மா அடுத்த மாதம் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் எதையும் சொல்வாராம். தாமதமாகிவிட்டதா, இல்லையா என்று கேட்டேன். தெரியாது என்றார். இந்த வாரம் எல்லோரும் இந்த ஒரு வார்த்தையில்தான் வந்து நிற்கிறோம். ‘மலையேறு’ என்றால் தமிழர்களுக்கு என்னென்ன அர்த்தம் என்று அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நேற்று மாலை வந்து கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். அரும்பு விளக்கூருக்குப் போகிறாள். ஊர் இருக்கிறது, அதை நான் இடிக்கவில்லை. ஆயிரக்கணக்கில் விளக்குகள் எரிகின்றன. அதில் எது தன் வீட்டு விளக்கு என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. காட்டுமாட்டிடம் கேட்கிறாள். அது சொல்வதில்லை. போ என்றும் சொல்வதில்லை, இரு என்றும் சொல்வதில்லை. கீழே, விடிந்தால் கோழிக்கூட்டைத் திறந்துவிட ஆளில்லை என்பது அவளுக்கு நினைவு வருகிறது. இறங்குகிறாள். காட்டுமாடு பாதி மலைவரை கூடவே நடந்து வருகிறது. அங்கிருந்து அவள் தனியாக வருகிறாள். அவ்வளவுதான்.

அந்தக் காட்டுமாடு யார் என்று இனி யாராவது கேட்டு எழுதினால், எழுதியவளுக்கும் தெரியாதாம் என்று பதில் போடு. முன்பு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘அங்கே யாரும் இருமுவதில்லை’ என்ற வரியைப் பற்றி என்னிடம் கேட்காதே. அதை எடுக்கவில்லை. அது மூன்றாம் அத்தியாயத்தில் ஏற்கெனவே அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. எடுக்க முடிந்திருந்தாலும் எடுத்திருப்பேனா என்று தெரியவில்லை.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். உன் ஓவியர் நல்லவர், குழந்தைகள் மனம் வாடக் கூடாது என்று எதையாவது சேர்த்துவிடுவார். அரும்பு இறங்கி வரும் படத்தில் அவள் கையில் விளக்கு இருக்கக் கூடாது. பூவோ கோலோகூட வேண்டாம். வெறுங்கையாக வருகிறாள். இரண்டு கையும் படத்தில் தெரிய வேண்டும். அவளை இறக்க எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அவர் ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் நடுவில் எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். நீ தொழும்போது கண்மணியின் பெயரைச் சொல். அதோடு இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள். வீட்டுப் பெயரை அல்ல, நாங்கள் வைத்த பெயரை. உனக்குத் தெரியும். இங்கே எழுதக் கை வரவில்லை. யார் கேட்கிறார்கள் என்று இந்தத் தடவை நான் கேட்க மாட்டேன். இரண்டு பெயரையும் சொல்லிவிட்டேன் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. அது போதும்.

உன்,
பெரியநாயகி